கறுப்பு ரப்பர் வளையலுக்குள் தங்கமே இல்லையா?

மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்: "ரப்பர் வளையலைக் கலை என்று சொல்லி லட்சங்களில் விற்கிறார்கள். உள்ளே தங்கமாம்! ஜவேரி பஜார் கேரட் மெஷினில் வைத்தால் பூஜ்யம்தான். சுத்தப் பித்தலாட்டம்."

தவறு. அந்த வளையலை 1980-இல் செய்தவர் சுவிஸ் நகைக் கலைஞர் ஓட்டோ குன்ஸ்லி. கறுப்பு ரப்பர் குழாய்க்குள் ஒரு தங்க உருண்டை. 'தங்கம் கண்ணை மறைக்கும்' என்பது தலைப்பு. பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் நகை போச்சு. பகட்டுக்கு வாங்கும் பொருளைப் பகட்டவே முடியாமல் செய்ததுதான் குத்தல்.

மெஷின் பூஜ்யம் காட்டலாம். அது உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் படிக்கும் எக்ஸ்ரே கருவி. நடுவில் சில மில்லிமீட்டர் ரப்பர் இருந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. உரைகல்லும் அப்படித்தான்.

இதே பாணியில் உள்ளூரில் யாராவது செய்து விற்றால் எடையைப் பாருங்கள். 12 மி.மீ. விட்டமுள்ள திட உருண்டை 18 கேரட் தங்கம் என்றால் சுமார் 14 கிராம், பித்தளை என்றால் 8 கிராமுக்கும் கீழே. அதே குழாயில் அதே நீளத்துண்டை எடைபோட்டுக் கழித்தால் போதும். சுத்தத் தங்கம் என்று சொல்லி டங்ஸ்டன் என்ற உலோகத்தை வைத்தால் மட்டும் இதில் பிடிபடாது. கிட்டத்தட்ட சுத்தத் தங்கத்தின் அடர்த்திதான் அதற்கும். ஹால்மார்க்கின் எச்.யு.ஐ.டி., அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண், ரப்பருக்குள் மறைந்திருக்கும். ஆகவே மூடுவதற்கு முன் எடுத்த படம் கேளுங்கள், அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தங்க எடையும் தரமும் பில்லில் தனியாக இருக்கட்டும்.