அமெரிக்காவின் முதல் செய்தித்தாள் பிராங்க்ளினுடையது அல்ல

“அமெரிக்காவின் முதல் செய்தித்தாளைத் தொடங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் தவறானது. அவர் பிறந்தது 1706இல். அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்பே, 1690 செப்டம்பர் 25 அன்று, பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் பாஸ்டனில் ‘பப்ளிக் அக்கரன்சஸ்’ என்னும் இதழை வெளியிட்டார். நான்கு பக்கங்களில் மூன்றில் மட்டுமே செய்தி. கடைசிப் பக்கம், வாசிப்பவர் தமக்குத் தெரிந்ததை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவதற்காக வெற்றாக விடப்பட்டிருந்தது (இன்றைய ஃபார்வர்டுக்கு மூத்த அண்ணன் எனலாம்). உரிமம் பெறாமல் வெளிவந்த அதை ஆளுநரும் மன்றமும் நான்கே நாளில் தடை செய்ததால் இரண்டாவது இதழ் வரவேயில்லை. பிராங்க்ளின் நடத்திய ‘பென்சில்வேனியா கெசட்’ செய்தித்தாளும் சாமுவேல் கீமர் என்பவர் 1728இல் தொடங்கி, மறு ஆண்டு பிராங்க்ளினிடம் விற்றதே. ஹாரிஸ் இதழின் எஞ்சிய பிரதி பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தேதியை அதிலேயே சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.