சொல்லின் முன்பக்கம் தேடுங்கள்

பாட்டெழுத உட்காருகிறவர்கள் "இந்தச் சொல்லுக்கு ரைமிங்கா ஒரு சொல் சொல்லுங்க" என்று கேட்கும்போது, பெரும்பாலும் கடைசி எழுத்தைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். கனவு என்றால் நிலவு, இரவு, உறவு. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. தமிழில் ஓசை ஒத்த சொல்லை முதலில் தேட வேண்டிய இடம் சொல்லின் முன்பக்கம்.

காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் வேர் முன்னால் நிற்கும், விகுதி பின்னால் ஒட்டும். வந்தேன், சிரித்தேன், ஓடினேன், உறங்கினேன் எல்லாம் 'ஏன்' என்றுதான் முடியும். "மழையில் நின்றேன், உன்னை நினைத்தேன், கவிதை எழுதினேன்" என்று ஒருவர் எழுதினால் அந்த இயைபு, அதாவது கடைசி எழுத்துகளின் ஒற்றுமை, இலக்கணம் இலவசமாகக் கொடுத்தது. எழுதினேன் என்பதை எடுத்துவிட்டுத் தொலைந்தேன், கலங்கினேன் என்று எதை வைத்தாலும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்துகிற சொல் காதில் தங்காது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை ஒத்துப்போவது வேரில். அதனால் அங்கே பொருளும் சேர்ந்து மோதிக்கொள்கிறது.

எதுகையின் விதி எளிமையானதுதான். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்து அளவில் ஒத்துப்போக வேண்டும்; குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குக் கட்டு சரி, காட்டு சரியில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இலக்கணம் படிக்காத காதுக்கே இந்த வித்தியாசம் தெரியும்.

மழை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ழை'யை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் எழுத்தை மட்டும் அகரவரிசையில் ஓட்டுங்கள். அழை, இழை, உழை, கழை, குழை, தழை, நுழை, பிழை, விழை. ஏழை, கோழை, தாழை, பேழை, வாழை தனிக்குடும்பம். அவை நெடிலில் தொடங்குவதால் தங்களுக்குள் சேரும், மழையோடு சேராது. இவ்வளவும் போதவில்லையா? வருக்க எதுகைக்குப் போகலாம். ழகர வரிசையில் எந்த எழுத்து வந்தாலும் சரி என்றதும் நிழல், குழல், அழகு, எழில் எல்லாம் வந்து நிற்கும். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதே அடுத்த வரிக்கான எண்ணம் வந்துவிடும். 'நுழை' கண்ணில் பட்டதும் எனக்குத் தோன்றியது இது:

மழைவந்து மண்ணோடு பேசிப் பார்க்கும்
நுழையாத சந்தெல்லாம் நுழைந்து பார்க்கும்

சந்தில் நுழைகிற மழையை யோசித்துவிட்டு நான் சொல் தேடவில்லை. சொல் வந்த பிறகு அந்தக் காட்சி வந்தது. எதுகை கவிஞனின் கையைக் கட்டிப்போடுகிறது என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான்.

காதல், மோதல், சாதல் எதுகையும் ஆகும், இயைபும் ஆகும். அதனால்தான் இத்தனை பேர் கைபட்ட பிறகும் இனிக்கின்றன. ஆனாலும் புதிதாக எழுதுகிறவர்கள் கொஞ்ச நாள் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

முதல் எழுத்து ஒன்றிவரும் மோனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது பேச்சிலேயே தானாக வருகிறது. ஒன்று மட்டும் தெரிந்துவைத்திருந்தால் நல்லது: மகரத்துக்கு வகரமும், சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும் மோனையாக வரும்.

இசைப்பாட்டு என்றால் கூடுதல் சுதந்திரம் உண்டு. மெட்டுக்கு எழுதும்போது வலி, வழி, ஒளி மூன்றும் பாடகர் வாயில் நெருங்கிவிடுகின்றன. மரபுக்கவிதையில் இதை ஏற்க மாட்டேன், பாட்டில் ஏற்பேன். பேச்சுவழக்கில் பார்த்து 'பாத்து' ஆகிறது, காத்துவோடு அழகாகச் சேர்கிறது. இது கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் ஆசிடை எதுகையை மறந்துவிடுகிறார்கள். ய், ர், ல், ழ் என்ற ஒற்றுகளில் ஒன்று இடையில் புகுந்தாலும் எதுகை கெடாது என்பது பழைய இலக்கணம். வாழ்க்கைக்குக் காக்கை எதுகையாவது அந்தக் கணக்கில்தான்.

நம் முன்னோர் இதற்குக் கருவியும் செய்துவைத்திருந்தார்கள். மண்டல புருடர் செய்யுளில் எழுதிய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது, எதுகை வரிசையில்தான் அமைந்திருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். அந்த நான்காவது, தொடை அகராதி, எதுகைச் சொற்களுக்காகவே செய்தது. பாட்டெழுதுகிறவனுக்குத் தனி அகராதி வேண்டும் என்று அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். இன்று பாட்டெழுத வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நாம் இதைச் சொல்லித்தருகிறோம்?

கணினியில் இதைச் செய்வது பெரிய வேலையே இல்லை, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொடி' என்ற இரண்டு எழுத்துச் சொல் நான்கு குறியீடுகளாகப் பதிகிறது. தமிழ் தெரியாத நிரல் இரண்டாவதாக எடுப்பது ஒகரக் குறியை, டகரத்தை அல்ல. எனவே முதலில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் குறில் நெடில் எனப் பிரித்து, வருக்க எதுகையையும் ஆசிடையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். விகுதி ஒட்டிய வடிவங்களைச் சேர்க்காமல் வேர்ச்சொல்லாகவே கொடுத்தால் இன்னும் நல்லது. நிரல் எழுதத் தெரிந்த நண்பர்கள் யாராவது முன்வந்தால், சொற்பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். 'ழ' வரிசையிலிருந்து தொடங்குவோம்.