கிழித்த பிறகு திரும்பிப் போக வழி ஏது?

ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த பிலிப்பைன்ஸ் புரட்சி என்று பேச்சு வந்தாலே பலரும் எழுத்தாளர் ஹோசே ரிசாலில் ஆரம்பித்து ரிசாலிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் மாமனிதர், மறுக்கவில்லை. ஆனால் 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானியர்கள் அவரைச் சுட்டுக் கொல்வதற்கு நான்கு மாதம் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. தொடங்கிவைத்தவர் மணிலாவில் ஒரு கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ. மணிலாவின் தொண்டோ பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் விற்றுத் தம்பி தங்கைகளை வளர்த்தவர். படிப்பெல்லாம் பெரும்பாலும் தானாகப் படித்ததுதான்.

1892 ஜூலை தொடக்கத்தில் ரிசால் சீர்திருத்தம் கேட்டு ஒரு சங்கம் தொடங்கினார். சில நாட்களிலேயே அவரைப் பிடித்து, தெற்கே மிண்டனாவோ தீவின் தாபிதானுக்கு அனுப்பிவிட்டார்கள். மனு எழுதிக் கேட்டதற்கே இந்த கதி. ஜூலை 7 அன்று போனிஃபாசியோவும் சில நண்பர்களும் தொண்டோவில் ஒரு வீட்டில் கூடி காத்திபூனான் என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். சேருபவர்கள் சொந்த ரத்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1896இல் கலாயான், அதாவது சுதந்திரம், என்று ஒரு பத்திரிகையும் அச்சடித்தார்கள். போலீசைத் திசைதிருப்ப யோகோஹாமாவில் அச்சானது என்று போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பொறுப்பான எமிலியோ ஹசிந்தோவுக்கு அப்போது இருபது வயதுதான்! ஒரே ஒரு இதழ்தான் வெளிவந்தது, ஆனால் அதைப் படித்துவிட்டு ஆட்கள் திரண்டு வந்து சேர்ந்தார்கள்.

ஆள் சேர்ந்த வேகத்துக்கு ஆயுதம் சேரவில்லை. அந்த ஜூனில் இயக்கத்தைச் சேர்ந்த பியோ வலென்சுவேலா தாபிதானுக்கே போய் ரிசாலிடம் யோசனை கேட்டார். போதுமான ஆயுதம் இல்லாமல் இறங்காதீர்கள் என்றார் ரிசால். நியாயமான பேச்சுதான். ஆனால் ஆகஸ்ட் 19 அன்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. அச்சகத் தொழிலாளி தியோடோரோ பாட்டினோ சொன்ன தகவல் தொண்டோ பங்குச் சாமியார் மரியானோ கில் காதுக்குப் போய், அவர் அச்சகத்தில் சோதனை போட்டு ஆதாரங்களைக் கைப்பற்ற, கைது மேல் கைது தொடங்கியது.

போனிஃபாசியோ அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். மணிலாவுக்கு வெளியே ஒளிந்துகொண்டு கூட்டம் போட்டு விவாதித்தார்கள், அவருடைய மைத்துனர் தியோடோரோ பிளாட்டாவே வேண்டாம் என்றார். சரி, காத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெயர்ப் பட்டியல் எதிரி கையில் இருக்கிறது, வீடு வீடாக வருகிறான். துப்பாக்கி வந்து சேரும்வரை வெளியே ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

புகாத் லாவின் என்ற அந்தக் கூட்ட இடத்தில் அன்று அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். எல்லோரும் செடுலாவை எடுத்துக் கிழித்தார்கள். காசு கட்டி வாங்க வேண்டிய வரிச்சீட்டு அது, அடையாளச் சீட்டும் அதுவே. கையில் இல்லாமல் சிக்கினால் கைது செய்யலாம். ஆக, அதைக் கிழித்தவன் அந்த நொடியே குற்றவாளி. இனி ஊருக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் போல வேலைக்குப் போக முடியாது. கையில் பெரும்பாலும் போலோ கத்திதான், அதை வைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள்.

நடந்தது ஆகஸ்ட் 23ஆ 26ஆ, புகாத் லாவினா பாலிந்தவாக்கா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். 1963இல் அரசு 23 என்று முடிவு செய்தது. அந்தச் சச்சரவுக்குப் போகும் மை, கிழித்தவர்களைப் பற்றி எழுதப் போயிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஆகஸ்ட் 30 அன்று சான் ஹுவானில் வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கித் தோற்றார்கள், நிறையப் பேர் செத்தார்கள். ஆனால் அன்றே கவர்னர் ஜெனரல் பிளாங்கோ எட்டு மாகாணங்களில் ராணுவச் சட்டம் போட வேண்டியதாயிற்று. போனிஃபாசியோவைக் கடைசியில் கொன்றது ஸ்பானியர்கள்கூட இல்லை. 1897 மே 10 அன்று சொந்தப் புரட்சிக்காரர்களே, புரட்சியின் இன்னொரு தலைவரான அகினால்டோவின் ஆட்களே கொன்றார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் மெல்ச்சோரா அக்கினோ. தண்டாங் சோரா என்பார்கள், சோராப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 வயதில் அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டியவர். அதற்காக அவரைக் குவாம் தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1903இல் ஊர் திரும்பினார். 1919இல், 107 வயதில்தான் இறந்தார்.