தெரியாம இல்ல

நேத்துல இருந்து அந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்துக்கிட்டு இருக்கீங்க. செக்கப்புக்கு வந்து ஏழு மாச வயித்தோட நிக்கிற பொண்ணுகிட்ட, நர்ஸ் ஒருத்தங்க மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "எத்தனை தடவை சொல்றது, மண்டையில ஏறாதா?"ன்னு கத்துறாங்க. அது தரையைப் பார்த்துக்கிட்டே நிக்குது. கீழ என் நட்பு வட்டத்துல இருக்கிறவங்களே எழுதுறாங்க, "கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது"ன்னு.

விழிப்புணர்வு இல்லாமலா அந்தப் பொண்ணு அங்க வந்து நிக்குது? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்க. தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துல 99க்கு மேல ஆஸ்பத்திரியிலதான். அதே கணக்கெடுப்புல கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை. வர்றாங்க, ரத்தசோகைக்குக் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிட்டுப் போறாங்க. ஏன் முழுங்கலன்னு பொறுமையா கேட்கத்தான் ஆள் இல்ல.

எங்கம்மா ஜவ்வாது மலை அடிவாரத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்தவங்க. ஊருக்கு நர்ஸம்மா. லீவு நாள்ல நானும் பின்னாடியே போவேன். அம்மா நேரா கர்ப்பிணிகிட்ட போக மாட்டாங்க. திண்ணையில மாமியார் பக்கத்துல உட்காருவாங்க. மாடு கன்னு போட்டுச்சான்னு விசாரிச்சு முடிச்ச பிறகுதான் மாத்திரைப் பேச்சே வரும். "யக்கா, இதை முழுங்குனா வெளிக்குக் கறுப்பாத்தான் போவும், பயந்துடாத. சோறு தின்னுட்டு ராத்திரியில முழுங்கச் சொல்லு. டீயோட மட்டும் வேணாம்." அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து பரண்ல தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர். குமட்டல், மலச்சிக்கல்னு நிறுத்துறவங்க உண்டு. பிள்ளை பெருசாகி பிரசவம் கஷ்டமாயிடும்ங்கிற பயம் வேற. இதுல எது முட்டாள்தனம்? பயம். கத்துனா பயம் போகுமா?

"படிச்சிருந்தா இப்படி நிக்க வேண்டியதில்ல"ன்னு ஒருத்தர். என் தங்கச்சி எம்.எஸ்சி. பிரசவ அறையில வலி தாங்காம கத்துனப்போ அங்க இருந்தவங்க அவகிட்ட சொன்ன வார்த்தை, "அப்ப மட்டும் இனிச்சுதா?" ரெண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தப்போ விடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. தெரியாமலா? நர்ஸம்மா வீட்டுப் பொண்ணுங்க அவ. எல்லாம் தெரியும். அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க முடியல, அவ்வளவுதான்.

நர்ஸுங்களுக்கு வேலைப்பளுன்னு சொல்றீங்க. உண்மைதான். கர்ப்பிணிங்க விவரத்தை ஆன்லைன்ல ஏத்துற பிக்மி பதிவு, ரிஜிஸ்டர், மீட்டிங்னே அவங்க நாள் போயிடுது, திண்ணையில உட்கார நேரம் எங்க இருக்கு? அந்தக் கோபத்தை மேல இருக்கிறவங்ககிட்ட காட்டுங்க. வயித்துப்பிள்ளைக்காரிகிட்ட காட்டாதீங்க.

"18,000 ரூபாய் குடுக்கிறாங்களே, இன்னும் என்ன வேணும்?" முத்துலட்சுமி ரெட்டி பேர்ல கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்கிற அந்த மகப்பேறு உதவித் திட்டம் நல்ல திட்டம், நான் எங்கயும் குறை சொன்னதில்ல. அதுக்காக வாங்குறவங்களை என்ன வேணா பேசலாமா? அது பிச்சை இல்லைங்க. செக்கப்புக்கு வர்ற அன்னிக்கு அவளுக்கும் கூலி போகுது, கூட வர்ற வீட்டுக்காரனுக்கும் கூலி போகுது. அதை யாராவது கணக்குல எடுத்தீங்களா?

இத்தனை கமெண்ட்ல ஒருத்தராவது அந்தப் பொண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு கேட்டீங்களா? மறுபடி செக்கப்புக்கு வருமான்னு கேட்டீங்களா? முகத்தைக்கூட மறைக்காம போட்டிருக்கீங்க. பகிர்ந்தவங்க தயவுசெஞ்சு இன்னிக்கே எடுத்துடுங்க. இந்நேரம் அது மாமியார் வீட்டுல யாராவது போன்ல போட்டுக் காட்டியிருப்பாங்க.