25 சதவீதத்தை எந்த மூலையில் இருத்தினார்கள்?

உள்ளூராட்சித் தேர்தல் முடிகிற ஒவ்வொரு முறையும் இதே பேச்சு: "கோட்டா குடுத்தாச்சு, பெண்களும் வந்தாச்சு, ஒண்டும் மாறேல்லையே." மாறவில்லை என்பது பாதி உண்மை. ஏன் மாறவில்லை என்று கேட்டால் பெண்களுக்கு அரசியல் தெரியாது, புருஷன்மார்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று கதை போகும். இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கென்று வைத்த அந்த 25 சதவீத ஒதுக்கீட்டைச் சட்டம் எந்த இடத்தில் இருத்தியிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இலங்கைப் பெண்களுக்கு 1931 இலேயே வாக்குரிமை. 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமர். இந்த இரண்டையும் மேடையில் சொல்லாத கட்சி இல்லை. ஆனால் 2018 வரை உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் இரண்டு சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். 2020 இல் தெரிவான பாராளுமன்றத்தில் 225 பேரில் 12 பெண்கள். ஆகவே கட்டாய ஒதுக்கீடு தேவையில்லை, திறமையிருந்தால் தானாக வருவார்கள் என்ற வாதத்தோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. எண்பது வருடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தாயிற்று.

உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்துக்கு 2016 இல் ஒரு திருத்தம், பிறகு 2017 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். அதன்படி முதலாவது தேர்தல் 2018 பெப்ரவரி 10 இல் நடந்தது. சபையின் உறுப்பினரில் 60 சதவீதம் வட்டாரத்திலிருந்து (வார்டு), 40 சதவீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்து. கட்சி இரண்டு வேட்புமனுப் பத்திரம் கொடுக்க வேண்டும். முதலாவது வட்டார வேட்பாளர்கள்: அதில் பெண்கள் 10 சதவீதம் இருந்தால் போதும். இரண்டாவது மேலதிகப் பட்டியல்: அதில் பாதிப் பேர் பெண்கள். 60 இல் பத்து சதவீதம் 6, 40 இல் பாதி 20, ஆக 26. கடதாசியில் கணக்குச் சரி, 25 ஐத் தாண்டுகிறது.

அந்த 26 இல் 20 பட்டியலில் இருக்கிறது. வாக்குக் கேட்டு, வென்று, "இது என்ர வட்டாரம்" என்று சொல்லக்கூடிய இடத்தில் வெறும் 6. அதுவும் வேட்பாளர் எண்ணிக்கைதான், வெற்றி இல்லை.

ஒரு சபையைக் கையிலெடுத்துப் பார்ப்போம். மொத்தம் 20 உறுப்பினர், 12 வட்டாரம், 8 பட்டியல். பெண்கள் 5 பேர் வரவேண்டும். 'அ' கட்சிக்கு 45 சதவீத வாக்கு, அதாவது வாக்கு வீதப்படி மொத்தம் 9 ஆசன உரித்து; வட்டாரத்தில் வென்றதைக் கழித்து மிச்சம்தான் பட்டியலிலிருந்து வரும். வட்டாரத்திலேயே 9 வென்றுவிட்டது. உரித்து முடிந்தது, பட்டியலில் ஒன்றும் கிடையாது. 12 வட்டாரத்தில் 10 சதவீதம் என்று ஒரேயொரு பெண்ணைத்தான் நிறுத்தியது, அதுவும் தோற்கும் என்று தெரிந்த வட்டாரத்தில். ஒன்பது பேரும் ஆண்கள். 'ஆ' கட்சிக்கு 30 சதவீதம், 6 உரித்து: மூன்று வட்டாரம், மூன்று பட்டியல். 'இ' க்கு 15 சதவீதம், மூன்றும் பட்டியல். 'ஈ' க்கு 10 சதவீதம், இரண்டு பட்டியல்.

இனிப் பெண்களை யார் தருவது? 'ஈ' தரத் தேவையில்லை. 20 சதவீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் உள்ள கட்சிக்குச் சட்டமே விலக்களித்திருக்கிறது. 'அ' தர விரும்பினாலும் கதிரை இல்லை. 'ஆ' இரண்டு, 'இ' ஒன்று என்று தங்கள் தங்கள் பங்குக்குத் தந்தால் மொத்தம் மூன்று. இருபதில் மூன்று, 15 சதவீதம். சட்டத்தை யாரும் மீறவில்லை, எல்லோரும் சரியாகத்தான் செய்தார்கள்.

2018 இல் பல சபைகள் 25 ஐத் தொடாமல் நின்றது இந்த வழியாகத்தான். ஒரு கட்சி வட்டாரங்களை அள்ள அள்ள அதன் பட்டியல் இடம் சுருங்கும், பட்டியல் சுருங்கச் சுருங்கப் பெண்கள் குறைவார்கள். வெல்கிற கட்சியில்தான் பெண் இல்லாமல் போகிறது. வேண்டுமென்று யோசித்துச் செய்தால்கூட இப்படி அமையாது. (யோசித்துத்தான் செய்தார்களோ என்ற சந்தேகம் எனக்கு முழுதாகப் போகவில்லை, அது வேறு விஷயம்.)

சிறிய கட்சிக்கான விலக்கும் அப்படித்தான். ஒரு கட்சிக்கு ஒரு ஆசனம் கிடைத்தால் அதைப் பெண்ணுக்குத்தான் கொடு என்பது அநியாயம் என்று பார்த்தால் நியாயம்போலத் தெரியும். ஆனால் ஆறு ஏழு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் ஒன்று, இரண்டு என்று பிரித்தெடுக்கிற சபையை நினைத்துப் பாருங்கள். வடக்கு கிழக்கில் அது புதினமில்லை. அங்கே விலக்குப் பெற்ற ஆசனங்களைக் கூட்டினால் சபையில் கணிசமான பங்கு வந்துவிடும். அவ்வளவும் பெண் கணக்கில் சேராது.

பட்டியலில் பெயர் இருந்தால் ஆசனம் நிச்சயமா என்றால் அதுவுமில்லை. பட்டியலில் வரிசை கிடையாது. முடிவு வந்தபிறகு யாரை அனுப்புவது என்று தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். வட்டாரத்தில் தோற்றவரையும் அவர் பெயரிடலாம். வேட்புமனு நேரம் ஆள் போதாமல் வீடு வீடாக ஓடி, "சும்மா பேர் மட்டும்தான் அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று பெண்களைச் சேர்ப்பார்கள். பெண் எண்ணிக்கை குறைந்தால் தெரிவத்தாட்சி அலுவலர் முழுப் பத்திரத்தையும் நிராகரித்துவிடுவார் என்ற பயம். முடிவு வந்த அடுத்த நாள் அதே பெயர்களைச் சுற்றித் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்: பாதிக் காலம் நீங்கள், மிச்சக் காலம் இன்னொருவர், திகதியில்லாத பதவிவிலகல் கடிதம் ஒன்றை இப்போதே தாருங்கள். இப்படி வந்த ஒருவரால் சபையில் செயலாளரின் விருப்பத்துக்கு மாறாகக் கை உயர்த்த முடியுமா?

வட்டாரத்தில் நிற்கிற பெண்ணுக்கு வேறொரு இடைஞ்சல். வாக்குச்சீட்டில் கட்சியும் சின்னமும்தான் இருக்கும், வேட்பாளர் பெயர் இருக்காது. மாதர் சங்கத்தில் இருபது வருடம் வேலை செய்து ஊரெல்லாம் பெயரெடுத்தவர் என்றாலும் சீட்டைக் கையில் வைத்திருக்கிறவருக்குத் தெரிவது சின்னம் மட்டும். அவருடைய தனிப் பெயருக்கு அங்கே பெறுமதி இல்லை. ஆகவே எந்தச் சின்னத்தில், எந்த வட்டாரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதே எல்லாம். அதுவும் கட்சிக் கந்தோரில்தான் தீர்மானமாகிறது.

சபைக்குள் போனபிறகு பட்டியல் உறுப்பினருக்கு "போனஸ்" என்று பெயர். பொதுக்கூட்டத்தில் ஒருவர் தெருவிளக்கு கேட்கிறார் என்று வையுங்கள். வட்டார உறுப்பினர் கேட்டால் இந்த ஒழுங்கை, இத்தனையாம் மின்கம்பம் என்று பதிவாகும். பட்டியலில் வந்த பெண் அதே ஒழுங்கைக்குக் கேட்டால், "அது இன்னாற்ற வட்டாரம், அவர் கேக்கட்டும்" என்று தவிசாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விடலாம். சட்டத்தில் இரண்டு வகை உறுப்பினர் இல்லை, வாக்கும் ஒன்றுதான். ஆனால் நடைமுறையில் வட்டாரம் உள்ளவர், வட்டாரம் இல்லாதவர் என்று சாதிபோல் ஒரு பிரிப்பு. 2018 இல் உள்ளே வந்த பெண்களில் பெரும்பாலானோர் இந்த வட்டாரமில்லாதவர்கள்தான். எண்ணிக்கை இருபது சதவீதத்தைத் தாண்டியது பெரிய பாய்ச்சல், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபதும் சபையின் பின்வரிசையில்.

தவிசாளர் கதிரைக்கும் இதுவே பாதை. பாதி ஆசனம் எடுத்த கட்சி என்றால் தலைவரைக் கட்சியே பெயரிடும், இல்லாவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். எப்படியும் வட்டாரம் வென்ற ஆண்தான் முன்னுக்கு நிற்பார். யாழ்ப்பாண மாநகர முதல்வராக 1998 இல் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே 17 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கதிரைக்கு அடுத்த பெண் வர 2009 ஆயிற்று, அதற்கடுத்தவர் வர 2025. இடையிலிருந்த எல்லா வருடத்துக்கும் யுத்தம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு வேறு விதம். அங்கே வார்டையே பெண்களுக்கு ஒதுக்குகிறார்கள், ஊராட்சித் தலைவர் பதவியையும். 1993 இன் அரசியலமைப்புத் திருத்தம் மூன்றிலொரு பங்கு என்றது, தமிழ்நாடு 2016 இல் 50 சதவீதமாக்கியது. கணவர் நாற்காலியில் இருக்கிறார், ஊராட்சிக் காசோலையில் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய துணைத்தலைவர் இழுத்தடிக்கிறார் என்று அங்கும் ஆயிரம் வழக்கு. ஆனாலும் அங்கே தலைவர் மக்களிடம் வாக்கு வாங்கி வந்தவர், அவருக்கென்று ஒரு ஊர் இருக்கிறது. நேபாளத்தில் தலைவர், உபதலைவர் இரண்டுக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 2017 இல் உபதலைவர் பதவிகள் பெரும்பாலும் பெண்களுக்கே வந்தன. 2022 இல் கூட்டணி அமைத்து, தலைவருக்கு நீ நிறுத்து, உபதலைவருக்கு நான் நிறுத்துகிறேன் என்று பிரித்துக்கொண்டார்கள். தனித்தனிக் கட்சி ஒவ்வொரு ஆள்தானே, விதி பொருந்தாது. பெண்கள் குறைந்தார்கள். ஓட்டையை எலி கண்டுபிடிக்க ஒரே தேர்தல் போதும்.

என் கருத்தில் மாற்ற வேண்டியது 25 என்ற எண்ணை அல்ல. வட்டார வேட்புமனுவில் 10 என்பது குறைந்தது 30 ஆக வேண்டும். அல்லது வட்டாரங்களில் நாலிலொன்றைச் சுழற்சியில் பெண்களுக்கே ஒதுக்க வேண்டும், இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனெனில் தோற்கிற வட்டாரத்தில் தள்ளிவிடும் தந்திரம் அங்கே வேகாது. பட்டியலை வரிசையோடு, பெண் ஆண் மாறிமாறி, வேட்புமனு நாளிலேயே வாங்கிப் பூட்ட வேண்டும். பெண் உறுப்பினர் விலகினால் அந்த இடத்துக்குப் பெண்தான் வரவேண்டும், விலகல் கடிதத்தை அவரே நேரில் கொடுக்க வேண்டும். விலக்குப் பெற்ற கட்சிகளின் ஆசனங்கள் ஒரு அளவுக்கு மேல் போனால் விலக்கு போய்விட வேண்டும்.

மாகாண சபைக்கும் 2017 இல் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டைக் காட்டித்தான் திருத்தம் வந்தது, அதோடு தொகுதியும் பட்டியலும் சேர்ந்த கலப்புமுறையும் எல்லை நிர்ணயமும். 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது, ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. புது எல்லை இல்லாமல் தேர்தலும் நின்றது. வட மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். அந்தத் தேர்தலை மறுபடி நடத்தச் சட்டத்தைக் கையிலெடுக்கும்போது, பெண்களுக்கான பிரிவை வட்டாரத்தில் எழுதுகிறார்களா பட்டியலில் எழுதுகிறார்களா என்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் நான் புரட்டுவேன்.