முழங்கால் வலி என்றுதான் போனோம்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்தவர். அவருக்கு ஒரு மாதமாக முழங்கால் வலி. படி ஏற முடியவில்லை. இன்று காலை நான்தான் இங்கே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், முதல் வேலையாக எடை மெஷினைக் காட்டினார் அந்த டாக்டர். அம்மா ஏறினார். 112 கிலோ. டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார். "சமோவாவா?" என்றார். ஆமாம் என்றார் அம்மா. அவ்வளவுதான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்கள் ஆட்களுக்கு இது ஜீனிலேயே இருக்கிறது" என்றார். அதே மூச்சில் "சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். ஜீன்தான் காரணம் என்றால் அந்தத் தாள் எதற்கு? சாப்பாடுதான் காரணம் என்றால் ஜீன் பேச்சு எதற்கு? அம்மா இரண்டு முறை முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இரண்டு முறையும் அவர் தாளைத் தொட்டுக் காட்டினார்.

"எந்த ஜீன்?" என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, நான் சொல்கிறேன். அதன் பெயர் சிஆர்இபிஆர்எஃப். சமோவாவில் 3,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அந்த ஜீனில் எடையைக் கூட்டும் ஒரு மாற்றம் அங்கேயே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம்தான் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து அதன் ஒரு பிரதி வந்திருந்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, சுமார் 1.4 கூடும். நடுத்தர உயரத்துக்கு அது ஏறக்குறைய 4 கிலோ. நாலே நாலு கிலோ! சமோவா மக்களுக்குள் ஆளுக்கு ஆள் பிஎம்ஐ மாறுவதில் சுமார் 2 சதவீதம்தான் அதன் கணக்கு. அதைவிட முக்கியம், அதே மாற்றம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவு. அந்த அம்மாவிடம் அது இருக்கிறதா? ரத்தம் எடுத்துப் பார்த்தாரா? முகத்தைப் பார்த்தே முடிவுகட்டிவிட்டார்.

அந்த பிஎம்ஐயே எல்லா உடம்புக்கும் ஒன்றாகப் பேசாது. ஒரே பிஎம்ஐ உள்ள, சமோவாக்காரரைப் போன்ற ஒரு பாலினேசியரையும் நம்மூர்க்காரரையும் நிறுத்தினால், அவருக்குத் தசை அதிகம், நமக்குக் கொழுப்பு அதிகம். ஒல்லியான எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. என்னிடம் எவரும் உங்கள் ஆட்கள் என்று ஆரம்பித்ததில்லை.

இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு தீவே பருத்தது என்றால், அதற்குள் ஜீனா மாறிவிட்டது? தட்டுதான் மாறியது. டாரோ கிழங்கும் மீனும் தேங்காயும் இருந்த இடத்தில் டின் மாட்டிறைச்சி, நியூசிலாந்திலிருந்து போகும் மலிவான ஆட்டுக் கொழுப்புத் துண்டு, அமெரிக்காவில் யாரும் சீண்டாத வான்கோழி வால். அந்த வாலை சமோவா 2007-ல் தடை செய்தது. உலக வணிக அமைப்பில் சேர வேண்டும் என்றதும் தடையை விலக்க வேண்டியதாயிற்று. விற்றவர்களை விட்டுவிட்டு, தின்றவரின் பரம்பரையைக் குற்றம் சொல்கிறார்கள். ஜீனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவியலை இப்படி அரைகுறையாகக் கிள்ளி ஒரு வயதானவர் முகத்தில் எறிந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியே வந்ததும் அம்மாதான் என் தோளைத் தட்டி, "விடு, எனக்குப் பழகிவிட்டது" என்றார். அது இன்னும் வலித்தது. முழங்காலுக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. இதில் பார்க்கிங்குக்கு 9 டாலர் வேறு. மெஷின் சில்லறையை விழுங்கிவிட்டுச் சீட்டும் தரவில்லை.