ஆமையை நீர்த்தேக்கத்தில் விடுவது பாதுகாப்பு அன்று
சிங்கப்பூரில் புத்தரைப் போற்றும் விசாக தினத்தில் புண்ணியம் தேடிச் சிலர் விலங்குகளை விடுவிப்பதுண்டு. “விசாக தினத்தன்று ஆமைகளை நீர்த்தேக்கத்தில் விட்டால் ஊர்வன இனம் பெருகும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெருகும்தான், எந்த இனம் என்பதே கேள்வி. கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் (அயலிலிருந்து வந்து பரவி உள்ளூர் உயிர்களைப் பாதிப்பவை) பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. இங்கே இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் மலாயப் பெட்டி ஆமையோடு அது மல்லுக்கட்டுகிறது. அழியும் அபாயத்தில் இருப்பதோ பெட்டி ஆமை. தொட்டியில் வளர்ந்தவை பலவும் வெளியில் பிழைப்பதில்லை. தரையாமையை விட்டால் இன்னும் கொடுமை: நீந்தத் தெரியாமல் மூழ்கிவிடும். இதைப் புண்ணியக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவார்களோ! அனுமதியின்றி விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. வளர்க்க முடியாதவர்கள் வேறு வீடு தேடிக் கொடுக்கலாமே.